பீக்கன் இருந்த இடம்

சின்னதுரை மாடிக்குப் போனது துணி எடுக்கத்தான். ஆரணி ஆற்றுப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கொடியிலிருந்து தன் யூனிஃபார்ம் சட்டை இரண்டையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டு மகளின் துப்பட்டாவுக்குக் கை நீட்டியபோது முழங்காலில் ஸ்டூல் இடித்தது. சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல். மார்ச் மாதத்திலிருந்து யாரும் அதைக் கீழே கொண்டுபோகவில்லை. மூன்று மாத வெயிலில் நிறமெல்லாம் போய், பழுக்காத தர்பூசணித் துண்டு மாதிரி வெளிறியிருந்தது. மழைக்கு முன் ஓரமாக வைப்போம் என்று தூக்கினார். கால்கள் ஊன்றியிருந்த இடத்தில், தளத்தின் மேல், நான்கு நீலப் பொட்டுகள். கேட்டுக்கு அடித்து மீந்த பெயின்ட். மனைவி மேரி விரலாலேயே தொட்டு வைத்தது. ஒரு பொட்டில் அவளுடைய ரேகைகூட இருந்தது.

முதல் தூறல் தளத்தில் பதித்த தட்டோட்டின் மேல் விழுந்து உடனே காய்ந்தது. அவர் ஸ்டூலைத் திரும்ப அந்த நான்கு பொட்டுகளின் மேலேயே இறக்கினார், ஒரு கால்கூட விலகாமல். இறக்குவது அவருக்குப் பழகின வேலை. கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பி மில்லில் இருபத்தாறு வருஷமாக கிரேன் ஓட்டுகிறார். அதே எஸ்டேட்டில் இன்னொரு கம்பெனி கேன்டீனில் மேரி காய் நறுக்கினாள். மார்ச் இரண்டாம் வாரம் ஒரு காலையில், நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

அந்தப் பொட்டுகள் வந்த கதை போன கிறிஸ்துமஸ் லீவில் நடந்தது. ஒரே மகள் கிறிஸ்டினா பைலட் ஆவதற்குப் படிக்கிறாள், வடக்கே மராட்டிய தேசத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். ப்ளஸ் டூ முடித்ததும் அவள் அப்படிச் சொன்னபோது சின்னதுரை சிரித்தார். மேரி சிரிக்கவில்லை. அதற்குப் பின் நடந்தது எல்லாம் மேரி சிரிக்காததால் நடந்தது. டிசம்பரில் வந்தபோது கிறிஸ்டினாவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெரிய பரீட்சை. வெளியே ஒன்றும் தெரியாத மேகத்துக்குள் இருந்துகொண்டு, முன்னால் உள்ள கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை ஓடுபாதைக்குக் கொண்டுவரும் பரீட்சை. பக்கத்து வீட்டுக் கல்பனாவுக்கு மேரி அதை ஒரே வரியில் விளக்கினாள்: "கண்ணைக் கட்டி வுட்டாலும் ஊடு வந்து சேரணும்டி. அதான் படிப்பு."

தரையில் ஓரிடத்தில் ஒரு கம்பம் நிற்கும். அதிலிருந்து ஓயாமல் ரேடியோ அலை போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் பீக்கன். விமானத்துக்குள் ஒரு முள். விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த முள் பீக்கன் இருக்கும் திசையையே காட்டும், தாயைத் தேடும் கன்று மாதிரி. நேராக பீக்கனுக்கு மேல் வந்து தாண்டியதும் முள் துடித்துப் போய், அரை வட்டம் சுற்றி வால் பக்கம் திரும்பிவிடும். அதுதான் அடையாளம். அந்த நொடியில் ஒரு பக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் விலகிப் போய், இறங்கி, மறுபடி வளைந்து வந்து அதே பீக்கனைத் தாண்டினால் எதிரே ஓடுபாதை. இதை வீட்டிலேயே நடந்து நடந்து பழக வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். எல்லாப் பைலட்டும் அப்படித்தானாம். நடக்க மாடி இருந்தது. பீக்கன் வேண்டியிருந்தது.

"நான் உக்காந்துக்கறேன்" என்றாள் மேரி. "கொத்தவரங்கா கிள்ளுற வேலை கீது. அதுவும் ஆவும்."

அப்படி மேரி பீக்கன் ஆனாள். சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்து முறத்தில் காய் கிள்ளுவாள். ஒவ்வொரு பீக்கனுக்கும் அதன் பெயரைச் சொல்லும் ஒரு பீப் சத்தம் உண்டு என்று மகள் சொன்னதால், வாயால் 'டா... டிட் டிட்...' என்று வேறு சொல்லிக்கொண்டிருப்பாள். நாலாவது தடவையில் அது சர்ச்சில் பாடுகிற ராகத்துக்கு வந்துவிடும். கிறிஸ்டினா எவர்சில்வர் தட்டில் ஒரு ஸ்பூனை வைத்து, அதன் காம்பு எப்போதும் அம்மாவைப் பார்க்கும்படி திருப்பிக்கொண்டே நடப்பாள். அடிக்கு அரை மைல் கணக்கு. தன்னைத் தாண்டிப் போனதும் மேரி முறத்தில் இருந்து தலையைத் தூக்காமலேயே "தாண்டிட்டே" என்பாள். கிறிஸ்டினா ஸ்பூனை வால் பக்கம் திருப்பிவிட்டு வளைவாள்.

"இன்னா மேரியக்கா, உன் பொண்ணு நவக்கிரகம் சுத்துது? எங்க சாமிக்கு வந்துட்டீங்களா?" என்று கல்பனா அடுத்த மாடியில் இருந்து கேட்பாள்.

"நான்தான்டி சனி. என்னச் சுத்தி வந்தா வேலை கெடைக்குமாம்."

ஒரே ஒரு சண்டைதான் வந்தது. வெயில் நகர நகர மேரி தண்ணீர்த் தொட்டியின் நிழலைப் பார்த்து ஸ்டூலை நகர்த்திக்கொண்டே போனாள். கிறிஸ்டினா கணக்குத் தப்பித் தப்பிக் கைப்பிடிச் சுவரில் போய் நின்றாள். "பீக்கன் நகரக் கூடாதும்மா! நீ நகர்ந்தா நான் செத்தேன்!" என்று கத்தினாள். மேரி கீழே போய் பெயின்ட் டப்பாவை எடுத்து வந்து, நான்கு கால்களுக்கும் பொட்டு வைத்தாள். "இனிமே மண்டை பொளந்தாலும் நகர மாட்டேன், போ."

மார்ச்சில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு, நாற்பதாம் நாள் ஜெபத்துக்கும் இருந்துவிட்டுத்தான் கிறிஸ்டினா திரும்பிப் போனாள். போன பத்தாம் நாள் பரீட்சை. தோற்றுவிட்டாள். மே மாதம் பெட்டியோடு வந்தவள் திரும்பிப் போவதைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த தேதி ஜூன் கடைசி வாரம் வியாழக்கிழமை. அதற்கும் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவோம், முதலில் இருந்துதான் சேர வேண்டும் என்று பள்ளியில் இருந்து கடிதம் வந்திருந்தது. டி.வி.க்கு அடியில் செருகி வைத்திருந்த அந்தக் கடிதத்தைச் சின்னதுரை இரண்டு தடவை எடுத்துப் படித்துவிட்டு, அதே மாதிரி செருகி வைத்தார். கேட்க வேண்டியவள் மேரி. அவர் என்ன கேட்பது?

துணியோடு கீழே வந்தபோது கிறிஸ்டினா போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னா நைனா, நனைஞ்சிக்கினு வர்ற?"

"லைட்டாதான்."

"வியாழக்கெழம எனக்கு தடாவுல இன்டர்வியூ கீது. ஒரு குடோன் கம்பெனி. பஸ்ஸு வுடறாங்களாம், கும்மிடிப்பூண்டிலருந்து."

சின்னதுரை சட்டைகளை நாற்காலியில் போட்டுவிட்டுத் துப்பட்டாவை அவளிடம் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை. நடுவில் ஐந்து நாள்.

"வியாழக்கெழமதான உனக்கு டெஸ்ட்டு?"

"போவல."

அவர் எதிரே உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மேரி இருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தார். ஒன்றும் வரவில்லை. அதனால் தனக்குத் தெரிந்ததைக் கேட்டார்.

"அன்னிக்கி இன்னாதாம்மா ஆச்சி?"

"சொன்னேனே. காத்து. சைடுலருந்து தள்ளிட்ச்சி."

"எக்ஸாமினரு இன்னா சொன்னாரு?"

"காத்தே இல்லன்னாரு."

சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் இங்கே இருந்த நாட்களில் பள்ளி விமானத்தில் இருந்த முள் கருவியைக் கழற்றிவிட்டார்களாம். அதற்குப் பதில் ஜி.பி.எஸ். பெட்டி. இப்போது எல்லா ஊரிலும் அப்படித்தானாம். தரையில் இருந்த பீக்கனையும் நிறுத்திவிட்டார்கள். கம்பம் மட்டும் துருப்பிடித்து நிற்கிறது.

"பீக்கனே இல்லன்னா அப்பறம் எதப் பாத்து வருவ?"

"அது இருந்த எடத்த."

சின்னதுரைக்குப் புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "எடம் அங்கயேதான நைனா கீது? அதோட நம்பர் பொட்டிக்குத் தெரியும். சேட்டிலைட்ட வச்சி, இன்னும் அஞ்சு மைலு, நாலு மைலுன்னு கொறைச்சிக்கினே வரும். சைபர் வந்தா அதுக்கு மேல கீறோம்னு அர்த்தம். பாதை பழைய பாதைதான். அதே மாதிரி திரும்பணும், அதே மாதிரி எறங்கணும். முள்ள விட இது கரெக்ட்டு. முள்ளு இடி மின்னல் வந்தா அந்தப் பக்கம் ஓடும்."

"அப்ப சுலபந்தான?"

"சுலபந்தான்." அவள் துப்பட்டாவின் ஈர ஓரத்தைப் பிழிந்தாள். "நம்பர் சைபர் வந்துச்சி. பாத்துக்கினேதான் இருந்தேன். கை திரும்பல. பொட்டி பாட்டுக்கு அடுத்த பாயின்ட்டுக்குப் போய்ட்ச்சி. நான் நேரா போய்க்கினே இருந்தேன். நாப்பது செகண்டு. எக்ஸாமினரு கன்ட்ரோல வாங்கிக்கினாரு."

"ஏம்மா?"

அவள் பிழிந்த ஓரத்தை உதறி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா 'தாண்டிட்டே'ன்னு சொல்லும்னு இருந்தேன்."

சின்னதுரை எழுந்து போய் தண்ணீர் குடித்தார். சொம்பை வைத்துவிட்டு அங்கேயே அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். மேரிக்கும் தெரியாது.

அவருடைய கிரேனுக்குக் கீழே பூவராகவன் என்று ஒரு ஆள் உண்டு. சைகை காட்டுகிறவர். மேலே கிரேன் கூண்டில் இருப்பவருக்குச் சுமையின் அடிப்பாகம் தெரியாது. கீழே இருப்பவர் கையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். விரல் அசைந்தால் மெதுவாக, உள்ளங்கை விரிந்தால் இறக்கு, முஷ்டி மூடினால் நில். இருபது வருஷம் அந்த முஷ்டியைப் பார்த்தே சின்னதுரை நின்றிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் கூண்டுக்குள் ஒரு டிஸ்ப்ளே வைத்தார்கள். இன்னும் எத்தனை மீட்டர் என்று சிவப்பு எழுத்தில் காட்டும். பூவராகவனை எடைமேடைக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள், மூன்று டன் கம்பிக் கட்டோடு வந்துகொண்டிருந்தார் சின்னதுரை. சிவப்பு எழுத்து சைபர் காட்டியது. அவர் நிறுத்தவில்லை. கீழே முஷ்டி மூடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். கட்டு நேரே போய் கட்டிங் மேடையின் தடுப்புக் கம்பியைச் சாய்த்தது. நல்லவேளையாக அங்கே ஆள் இல்லை.

"கர்த்தர் புண்ணியம். லாக் புக்குல இன்னா எழுதனன் தெரியுமா? பிரேக் வழுக்கிட்ச்சின்னு."

கிறிஸ்டினா திரும்பிப் பார்த்தாள். "பிரேக் மேலயா பழி போட்ட?"

"பிரேக்கு திருப்பிப் பேசாதில்ல."

அவள் சிரித்துவிட்டாள். வந்த நாளில் இருந்து முதல் தடவை. "நீ பிரேக்கு, நான் காத்து. நல்ல குடும்பம் நைனா நம்முது." சிரிப்பு பாதியில் அழுகையாக மாறுமோ என்று சின்னதுரை பயந்தார். மாறவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு, "நாளைக்கி சாய்ங்காலம் மாடில ஒரு தடவ நடந்து பாக்கறேன். போறேன்னு சொல்லல" என்றாள்.

சனிக்கிழமை மாலை மாடி கழுவி விட்டது போல இருந்தது. சின்னதுரை முன்னாலேயே போய், தன்னால் முடிந்த உதவி என்று நினைத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். படியேறி வந்தவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"எழுந்திரு நைனா."

"பீக்கனு வோணாமா?"

"பீக்கன்தான் இல்லன்னு சொல்றேனே. எழுந்திரு."

குரலில் இருந்ததைக் கேட்டு அவர் சட்டென்று எழுந்தார். அவளே ஸ்டூலை எடுத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்தாள். நடுத் தளத்தில் நான்கு பொட்டுகள் மட்டும் இருந்தன. அவரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிறுத்தி, கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். அவள் ஓர் அடி வைத்தால் அவர் ஒரு எண் படிக்க வேண்டும். அஞ்சு, நாலரை, நாலு என்று அரை அரையாகக் குறைத்து சைபர் வரைக்கும்.

"அவ்ளோதான். நம்பர் மட்டும். பொட்டிக்கு வேற ஒண்ணும் பேசத் தெரியாது. 'பாத்து வாம்மா', 'மெதுவா'... ஒண்ணும் கூடாது."

முதல் தடவை அவர் அரையை விட்டுவிட்டு முழு எண்களை மட்டும் படித்தார். இரண்டாம் தடவை நடுவில் இருமல் வந்தது. "பொட்டிக்கு சளியா?" என்றாள். மூன்றாம் தடவை கல்பனா அடுத்த மாடிக்குத் துணி போட வந்து, பார்த்துவிட்டு, வழக்கமாக ஏதாவது சொல்கிறவள் அவசரமாகத் துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் காலி பக்கெட்டோடு கீழே இறங்கிப் போனாள். ஒண்ணரை. ஒண்ணு. அரை. கிறிஸ்டினாவின் வெறுங்கால் நீலப் பொட்டுகளுக்கு நடுவே ஊன்றியது. சைபர். அந்தக் கால் அங்கேயே நின்றது. விரல்கள் தளத்தைப் பற்றிக்கொண்டன. அவளுடைய தோள் திரும்பவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. பிள்ளை கிணற்றடியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு எவனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்?

"தாண்டிட்டேம்மா" என்றார்.

அவள் தட்டென்று தளத்தில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தார். கத்தவில்லை.

"மேல யாரு நைனா சொல்லுவாங்க?" என்றாள் மெதுவாக. "சொல்லாம இருக்கத்தான உன்ன நிக்க வச்சேன்."

அன்று அதற்கு மேல் நடக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது தடாவுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காலை ஷிப்ட். கவரைப்பேட்டையில் லோக்கல் ட்ரெயினுக்கு நிற்கும்போதும் மனசில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வயசுப் பெண்ணை ஆகாயத்தில் தனியாக விட்டுவிட்டு, தான் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எண் படிக்க வேண்டியிருக்கிறது. அதுகூட ஒழுங்காக வரவில்லை. நாஷ்டா நேரத்தில் எடைமேடைக்கு நடந்தார். பூவராகவன் ஒரு லாரியை ஏற்றி நிறுத்திவிட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா ஆபரேட்டரே. இன்னா பேஜாரு? மூஞ்சி தொங்கிக்கினு கீது."

"ஒண்ணு கேக்கணும். நீ அங்க இல்லன்னு எனக்கு எப்பய்யா பழகிச்சி?"

பூவராகவன் பூரியைக் கிழித்தார். "எங்க பழகிச்சி? போன வாரங்கூட பாத்தியே."

"நானா?"

"நீதான். பில்லு குடுக்க உள்ள வந்தேன். நீ கட்ட எறக்கிட்டு, நான் நிப்பேனே தூணாண்ட, அங்க எட்டிப் பாத்த. எனக்கே சிரிப்பு. கையத் தூக்கலாமான்னு பாத்தேன்."

"தூக்கி இருக்கலாமே."

"எதுக்கு? கட்டு அதுக்குள்ள எறங்கிட்ச்சே." பூரியை வாயில் போட்டு மென்றுகொண்டே யோசித்தார். "முன்னல்லாம் பாத்துட்டு நிறுத்துவ. இப்போ நிறுத்திட்டுப் பாக்கற. அவ்ளோதான்யா வித்தியாசம். இந்தா, ஒரு பூரி துன்னு. உன் ஊட்ல இப்போ யாரு சமைக்கறாங்க?"

"நான்தான்."

"அப்ப ரெண்டா துன்னு."

அன்று மாலை சின்னதுரை மகளைக் கூப்பிடவில்லை. தானாகவே காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டார். கால்மணி நேரம் நின்றார். மேலே, எட்டாத உயரத்தில் ஒரு விமானம் தெற்கே சென்னைப் பக்கம் இறங்கப் போய்க்கொண்டிருந்தது. சத்தம் பின்னாலேயே தாமதமாக வந்தது. படியில் காலடி கேட்டது. கிறிஸ்டினா மாடியின் மேற்கு மூலைக்குப் போய் நின்றாள். தட்டும் இல்லை, ஸ்பூனும் இல்லை. வெறும் கை.

அவர் தோளில் கிடந்த துண்டின் முனையைச் சுருட்டி, எட்டும்படி கையில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சு."

ஓர் அடி.

"நாலரை. நாலு. மூணரை."

கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு அவள் வந்தாள். பார்வை தரையில் இல்லை. நேராக, எதையும் பார்க்காமல். சின்னதுரையின் குரல் தானாகவே பெட்டிக்குரல் ஆகியிருந்தது. இரண்டு. ஒண்ணரை. ஒண்ணு. அரை என்று சொன்ன கையோடு துண்டைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டார். பிறகுதான் சைபர் சொல்ல வேண்டும் என்பது நினைவு வந்து, அவசரமாக எடுத்து, "சைபர்" என்று சொல்லிவிட்டு மறுபடி கடித்துக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். துண்டில் மில்லின் எண்ணெய் வாசனை. ஒரு நொடி. எண்ணெய் வாசனை தொண்டை வரைக்கும் போனது. வாய்க்குள் அந்த ஒற்றை வார்த்தை முழுதாக உருண்டு நின்றது. மேரி, வாயை மூடிக்கிறேன், நீயும் மூடிக்க என்று மனசுக்குள் சொன்னார்.

வெறுங்கால் தளத்தில் தேய்ந்து திரும்பும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். கிறிஸ்டினா வளைந்து வடக்குச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். நாலு அடி போனாள். போகும்போதே, நடை நிற்காமல், தலையை மட்டும் ஒரு தடவை திருப்பி நான்கு நீலப் பொட்டுகளைப் பார்த்தாள். பிறகு நேராகப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய நொடிகளை எண்ணி, வளைந்து, மறுபடி வந்தாள். அவர் எண்ணைப் படிக்க மறந்து நின்றார்.

"நம்பர், நைனா!" என்று அதட்டினாள்.

இருட்டு விழுகிற வரைக்கும் பதினேழு தடவை நடந்தார்கள். இரண்டு தடவை கால் நின்றது. ஒரு தடவை அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். மிச்சம் எல்லாம் சரி. ஒவ்வொரு தடவையும் திரும்பின பிறகு தலை ஒரு தடவை பின்னால் போனது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவளை சென்ட்ரலில் ஏற்றிவிட்டார். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார், வாழைப்பழம் கொடுத்தார், போன் சார்ஜர் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். தடாவில் கேட்டால் என்ன சொல்வது என்றாள். உடம்பு சரியில்லை என்று சொல்கிறேன் என்றார். "பிரேக் வழுக்கிட்ச்சின்னு சொல்லு" என்றாள். வண்டி நகர்ந்தபோது கையைக் காட்டவில்லை. முஷ்டியை மூடிக் காட்டினாள். சின்னதுரைக்கு அது நில் என்று பட்டது. ஆனால் வண்டி போய்க்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை ஷிப்ட். கூண்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துவிட்டு ஏறினார். பத்து மணிக்கு அவளுடைய முறை என்று தெரியும். பத்து மணிக்கு அவர் இரண்டாவது வரிசையில் இருந்து ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். எட்டு மீட்டர், ஆறு, மூன்று. சிவப்பு எழுத்து சைபருக்கு வந்தது. நிறுத்தினார். கட்டு கொஞ்சம் ஆடி, ஆட்டம் அடங்கி, தொங்கியது. இறக்கிவிட்டுத் தூணடியைப் பார்த்தார். யாரும் இல்லை. அடுத்ததற்குத் திருப்பினார்.

இரண்டு மணிக்கு லாக்கரைத் திறந்தபோது போனில் எதுவும் இல்லை. ட்ரெயினில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார். கவரைப்பேட்டையில் இறங்கி வண்டியை எடுக்கும்போது ஒரு தடவை. அங்கே மழை என்றால் தள்ளிப் போட்டிருப்பார்கள். தள்ளிப் போட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சந்தையில் கொத்தவரங்காய் கண்ணில் பட்டது. அரைக் கிலோ வாங்கினார்.

வீட்டுக்குள் ஃபேன் சத்தம்கூடப் பிடிக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கைப்பிடிச் சுவர் ஓரம் அவள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே ஸ்டூல் இருந்தது. அதைத் தூக்கி வந்து நான்கு பொட்டுகளின் மேல் இறக்கினார். உட்காரவில்லை. எதிரே, தொட்டி நிழலில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தரை ஈரமாக இருந்ததால் போனை ஸ்டூலின் மேல் வைத்தார். காயைக் கிள்ள ஆரம்பித்தார். நுனியைக் கிள்ளி, நாரை இழுத்து, ஒடித்து. மேரி இதைப் பார்க்காமலேயே செய்வாள். அவருக்குப் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. விரலெல்லாம் பிசுபிசுத்தது. அடுத்த மாடியில் கல்பனா துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு போன் பண்ணிச்சாண்ணா?"

"இன்னும் இல்லம்மா."

கல்பனா நின்றாள். கையில் இருந்த துணியை மடிப்பது போல மடித்துக்கொண்டே நின்றாள்.

முறத்தில் பாதி முடிந்திருக்கும். ஸ்டூலின் மேல் போன் கிறிஸ்டினாவின் பேரைக் காட்டி வெளிச்சம் போட்டு அதிர்ந்தது. ஷிப்டில் சத்தத்தை அணைத்து வைத்தது அப்படியே இருந்தது. வெளிறின பிளாஸ்டிக்கின் மேல், ஒவ்வொரு அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, போன் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தெற்கே பார்த்துக் கிடந்த அதன் முனை மெல்ல வளைந்து, அரை வட்டம் வந்து, சின்னதுரையைப் பார்த்து நின்றது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே எழுந்தார்.